ஸ்கிரிம் முடியவே 2 மணி!

கேள்வி: எனக்கு 19 வயது. வாலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில், டீம் ஒன்றில் ஆடுகிறேன். ஒரே பெட்ரூம் உள்ள வீடு, எல்லோரும் படுக்கவே 11 மணி. அதற்குப் பிறகுதான் ஸ்கிரிம், அதாவது வேறு டீமுடன் பயிற்சி ஆட்டம். முடிய 2 மணி. காலையில் ஆறரைக்கு காலேஜ் பஸ். 4 மணி நேரத் தூக்கம் பழகிவிட்டது, களைப்பே இல்லை. ஆனால் இரண்டு மாதமாக எய்ம் தப்புகிறது. எய்ம் பிராக்டிஸை இன்னும் ஒரு மணி நேரம் கூட்டலாமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம் தம்பி. அந்த ஒரு மணி நேரமும் தூங்குங்கள்.

‘பழகிவிட்டது’ என்கிறீர்களே, எனக்குக் கவலை தருவது அதுதான். 2003-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 14 நாட்கள் இரவுக்கு 6 மணி நேரமே படுக்க விட்டார்கள். இரண்டு இரவுகள் வரை கண்ணே மூடாதவர்கள் அளவுக்குக் கவனம் சரிந்தது. அவர்களைக் கேட்டாலோ, லேசான அசதிதான் என்றார்கள்! நீங்கள் தூங்குவது அதைவிடக் குறைவு.

நானும் அப்படி நம்பியவள்தான். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, 26 மணி நேர டியூட்டியின் முடிவில் ஒருவருக்குரிய மருந்தை இன்னொருவர் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். நர்ஸ் அக்கா கவனித்துத் தடுத்தார். அந்த நிமிடம் வரை நான் தெளிவாக இருப்பதாகவே நினைத்திருந்தேன். இன்றும் நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது.

தூக்கம் குறைந்தால் கை எப்போதும் ஒரே சீராக மந்தமாவதில்லை. பத்து முறை சரியாகச் சுடுவீர்கள். பதினோராவது முறை மூளை அரை விநாடி அணைந்து எரியும். எதிரி எட்டிப் பார்க்க அது போதாதா? தவிர, பகலில் பழகிய கைவேகம் மூளையில் படிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தூங்காமல் பிராக்டிஸைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

அம்மாவிடம் பேசி, எட்டிலிருந்து பத்தரை வரை ஹாலைக் கேட்டு வாங்குங்கள். போட்டி எப்போது, எதற்காக இந்த நேரம் என்று விளக்கினால் புரிந்துகொள்வார். டீமிடமும் ஸ்கிரிமை முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். மற்றவர்களும் தூங்காமல்தான் ஆடுகிறார்கள். மாலை 4 மணிக்கு மேல் காபி, எனர்ஜி டிரிங்க் வேண்டாம். குடித்து 5 மணி நேரமானாலும் காஃபினில் ஏறக்குறைய பாதி உடம்பில் நிற்கும்.

11 மணிக்குப் படுத்தால், ஐந்தரைக்கு எழுந்தாலும் ஆறரை மணி நேரம் கிடைக்கும். அதுவும் போதாது, பஸ்ஸில் 20 நிமிடம் கண் அயருங்கள். இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில் எய்ம் ஸ்கோரைக் குறித்து எனக்கு அனுப்புங்கள்.