அண்ணாச்சியைக் கேளுங்க: காந்தத்துல ஒட்டுத மணல் நியோடிமியமா?

கேள்வி: அண்ணாச்சி, ஸ்பீக்கர்ல கழட்டின காந்தத்தைக் கடக்கரையில இழுத்தா கறுப்பு மணலா வந்து ஒட்டுது. அதுதான் நியோடிமியம், எலக்ட்ரிக் கார் மோட்டாருக்குப் போடுததுன்னு கூட்டாளி சொல்லுதான். அள்ளிட்டு வந்து காய்ச்சினா கிடைக்குமா?
– ஒரு காலேஜ் மாணவர், உவரி

பதில்: கூட்டாளி பக்கத்துல வந்துட்டான், ஆனா ஆள் மாறிப்போச்சு. ஒட்டுதது பெரும்பாலும் இலுமனைட்டு, மேக்னடைட்டுன்னு இரும்பு கலந்த சரக்கு. நியோடிமியம் இருக்கது தேன் கலர்ல இருக்க மோனசைட்டுல, அது கைக்காந்தத்துக்கெல்லாம் மசியாது. எல்லாமே மலைப்பாறை கரைஞ்சு ஆத்தோட வந்ததுதான், சாதா மணலைவிட கனம், அதனால சொளவுல புடைச்சா உமி பறந்து அரிசி தங்குமே அந்த மாதிரி அலை லேசானதை இழுத்துட்டுப் போவும், இது கரையில தங்கிரும்.

கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சியில இந்த மோனசைட்டை 1909-ல கண்டுபிடிச்சவரு ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், தேங்காநார்ல ஒட்டி ஜெர்மனிக்குப் போன மணலைப் பாத்துட்டுத் தேடி வந்தாராம். அவருக்கு வேண்டியது அதே மோனசைட்டுல இருக்க தோரியம். கோயில் கொடைக்குப் பெட்ரோமாக்ஸ் தூக்கிட்டு வருவாங்கல்லா, அதுக்குள்ள வெளிச்சம் குடுக்க வலை மாதிரி இருக்குமே, அந்த மேண்டிலுக்குத்தான். நியோடிமியத்தை அன்னைக்கு யாரு சீந்துனா!

இப்ப நியோடிமியம் எடுக்க முறையைச் சொல்லுதேன். மணலைத் தண்ணியோட சுருள் வாய்க்கால்ல விட்டு கனமானதை ஒதுக்குவாங்க, காயவச்சு பெரிய காந்தத்துலயும் ஹை வோல்டேஜ்லயும் விட்டு ஒண்ணொண்ணா பிரிப்பாங்க. அது லேசு. மோனசைட்டு பாஸ்பேட்டு, சீக்கிரம் கரையாது, அதனால மாவா அரைச்சு காஸ்டிக் சோடாவுல வேகவச்சு பாஸ்பேட்டைக் கழட்டி, மிச்சத்தை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுல கரைச்சு, கதிர்வீச்சு உள்ள தோரியத்தைத் தனியா எடுத்துரணும்.

உண்மையான பாடு இனிமேதான். லாந்தனம், சீரியம், பிரசியோடிமியம், நியோடிமியம் எல்லாம் குணத்துல ஒரே அச்சு. நியோடிமியம்னாலே புது ரெட்டைன்னுதான் அர்த்தம், ரொம்ப வருசம் பிரசியோடிமியத்தையும் இதையும் ஒரே தனிமம்னே நெனச்சிருந்தாங்க, 1885-ல ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் பிரிச்சாரு (கேஸ் மேண்டில் கண்டுபிடிச்சதும் இவருதான், பாத்துக்கிடுங்க). இதுக்கு மண்ணெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெயில கெமிக்கல் கலந்து ஆசிட் கரைசலோட கலக்கி, தெளியவிட்டு, திரும்ப கலக்கி, திரும்ப தெளியவிட்டு... ஒரு தடவைக்கு இம்புட்டுப் போலதான் பிரியும், நூத்துக்கணக்கான தொட்டி வரிசையா வேணும். பொறவு ஆக்ஸாலிக் ஆசிட் போட்டுப் படியவச்சு, சுட்டு ஆக்சைடு பொடியாக்கி, அதை ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்துல உருகின ஃபுளோரைடு உப்புல போட்டு கரண்ட் விட்டாத்தான் உலோகம். அதோட இரும்பும் போரானும் சேர்ந்தா காந்தம். வீட்டு அடுப்புல நடக்காது தம்பி.

அள்ளுத யோசனையும் வேண்டாம். மோனசைட்டு அணுசக்திச் சட்டத்துக்குள்ள வருது, தனியார் தாதுமணல் எடுக்கதுக்கு நம்ம தமிழ்நாடு கவர்மெண்ட் 2013-லயே தடை போட்டாச்சு.

ஆமா, உங்க ஸ்பீக்கர் காந்தம் கறுப்பா வளையம் மாதிரி இருந்தா அது ஃபெரைட்டுன்னு வேற வகைக் காந்தம், அதுல நியோடிமியம் கிடையாது. பழைய இயர்போன் கிடந்தா உடைச்சுப் பாருங்க, பொட்டு சைசுல வெள்ளியா மினுங்கும், அதுல இருக்கு.