கீரையை நிறுத்தாதீர்கள், மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு வயது 10. போன வருடம் சென்னையில் இதய அறுவை சிகிச்சை செய்து, மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. இங்கே மொரீசியஸில் ரத்தப் பரிசோதனை செய்கிறோம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் ஒரு முறை 1.8 என்று வந்தது, அடுத்த முறை 4.6. கீரைதான் காரணம் என்று என் மாமியார் வீட்டில் ப்ரேட் (கீரை) சமைப்பதையே நிறுத்திவிட்டார். இந்த மாத்திரை எலி மருந்து என்று ஒரு உறவினர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பிரான்சில் இருக்கும் நாத்தனார் ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரை சாப்பிடுகிறார். அதை மகளுக்குக் கேட்கலாமா? குணமானால் தைப்பூசத்தில் காவடி எடுத்து அலகு போடுவதாக வேண்டிக்கொண்டோம். அவளுக்கு இப்போது ஒரு பால் பல் வேறு ஆடுகிறது. சென்னையில் வாங்கிய மாத்திரை இரண்டு அட்டை மீதி இருக்கிறது. இங்கே கொடுத்தது தீர்ந்துபோகும் நாட்களில் அதைக் கொடுத்துச் சமாளிக்கிறேன். எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது, டாக்டர்.
— ஒரு தாய், ரோஸ் ஹில்

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த மீதி அட்டை விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடித்ததும் அந்த அட்டையை எடுத்து, பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். கடைப் பெயர் பெரிதாக இருக்கும். நமக்கு வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் மூலப்பெயர்.

இந்தியாவில் வால்வு மாற்றியவர்களுக்கு அசெனோகூமரால் என்ற மருந்தை நிறையப் பேர் எழுதித் தருகிறார்கள். அசிட்ரோம் என்று வருவது அதுதான். இங்கே உங்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் வார்ஃபரினாக இருக்கும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் அளவு ஒன்றல்ல. 2 மில்லிகிராம் அசெனோகூமராலுக்கு 2 மில்லிகிராம் வார்ஃபரின் ஈடாகாது. வார்ஃபரின் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். உடம்பில் தங்கும் நேரமும் வேறு. வார்ஃபரின் மெதுவாக இறங்கும், மற்றது சீக்கிரம் இறங்கிவிடும். ஆக, வார்ஃபரின் 4 மில்லிகிராம் சாப்பிடும் குழந்தைக்கு "அதே 4 தானே" என்று பழைய அட்டையிலிருந்து கொடுத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு மருந்து போகிறது. 1.8-லிருந்து 4.6-க்குத் தாவியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பெயர் ஒன்றாகவே இருந்தாலும்கூட, மாத்திரையின் நிறத்தை நம்பாதீர்கள். நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஓர் ஊரில் இளஞ்சிவப்பு 5 மில்லிகிராம், இன்னோர் ஊரில் அதே இளஞ்சிவப்பு 1 மில்லிகிராம். மில்லிகிராமைப் படித்துத்தான் கொடுக்க வேண்டும்.

நாளைக்கே இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, எந்த நாளில் எதைக் கொடுத்தீர்கள் என்பதை நினைவிருக்கும் வரை எழுதி, இதயப் பிரிவில் காட்டுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவர்கள் அளவை மாற்றினால்தான் ஆபத்து. இனி மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய் வாங்கி வையுங்கள்.

சரி, அந்த எண்களுக்கு வருவோம். மைட்ரல் இடத்தில், அதாவது இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கு நடுவில், வைத்த மெட்டல் வால்வுக்கு ஐ.என்.ஆர். வழக்கமாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் மகளுக்கென்று டாக்டர் குறித்த இலக்கு அவளது கோப்பில் இருக்கும், அதுதான் கணக்கு. 1.8 என்றால் வால்வின் மேல் ரத்தக்கட்டி உட்கார வழி இருக்கிறது. அது மூளைக்குப் போனால் பக்கவாதம். 4.6 என்றால் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது. பல தாய்மார்கள் ரத்தக் கசிவுக்கு மட்டும் பயந்து, "குறைவாக இருந்தால் நல்லதுதானே" என்று மாத்திரையைத் தாங்களாகவே குறைத்துவிடுகிறார்கள். மெட்டல் வால்வு உள்ள குழந்தைக்குக் குறைவும் அதே அளவு கெடுதல். எண் எந்தப் பக்கம் போனாலும் அன்றே போன் செய்து கேளுங்கள். 4.6 வந்து ரத்தக் கசிவு எதுவும் இல்லை என்றால், பெரும்பாலும் ஒரு வேளை நிறுத்தச் சொல்லியோ அளவைக் குறைத்தோ சில நாளில் மறுபடி பார்ப்பார்கள். அந்த முடிவு அவர்களுடையது.

எலி மருந்து விஷயம் பொய் இல்லை, அதனால் நேராகவே சொல்கிறேன். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் கெட்டுப்போன ஒரு தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. அதற்குக் காரணமான பொருளைத் தேடிப்போன ஆராய்ச்சியில்தான் வார்ஃபரின் பிறந்தது. 1948-ல் எலி மருந்தாக வந்தது. 1954-ல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. எழுபது ஆண்டாக உலகம் முழுக்க இதய நோயாளிகளைக் காப்பாற்றி வருகிறது. நம் கல்லீரல் வைட்டமின் கே என்ற சத்தை வைத்து ரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செய்கிறது. ஒரு முறை பயன்பட்ட அந்தச் சத்து மறுபடி பயன்படாதபடி இந்த மருந்து தடுக்கிறது. ரத்தம் தண்ணீராகிவிடுவதில்லை, உறைய நேரம் எடுக்கிறது. அளவு பார்த்துக் கொடுக்கும்போது மருந்து. பார்க்காமல் கொடுத்தால் உங்கள் உறவினர் சொன்னது போலத்தான். அதற்காகத்தான் இத்தனை பரிசோதனை.

வைட்டமின் கே என்றதும் கீரை வந்துவிடும். உங்கள் மாமியார் பேத்தி மேல் உள்ள அன்பில்தான் செய்திருக்கிறார். அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. 100 கிராம் வேகவைத்த ஸ்பினாச் கீரையில் ஏறக்குறைய 500 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. 10 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 60 இருந்தாலே போதும். கிரெசோன் என்ற நீர்க்கீரையிலும் மற்றக் கரும்பச்சை ப்ரேட்களிலும் இந்தச் சத்து நிறைய உண்டு. சோறு, உருளைக்கிழங்கு, பூசணியில் மிகக் குறைவு. ஆனால் கீரை சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. ஒரு வாரம் தினமும் புய்யோன் ப்ரேட் (கீரைச் சாறு), அடுத்த வாரம் ஒரு இலைகூட இல்லை என்று ஆடினால்தான் எண்ணும் ஆடும். கீரையே இல்லாத குழந்தைக்கு அந்தச் சத்தின் இருப்பு குறைந்து, ஏதோ ஒரு நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டதற்கே ஐ.என்.ஆர். சட்டென்று இறங்கும். அதனால் வாரத்துக்கு இத்தனை நாள், இத்தனை கரண்டி என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு முருங்கைக்கீரை பிடிக்கும் என்றால் அதுவே இருக்கட்டும். இப்போது முழுதாக நிறுத்தியிருப்பதால் திடீரென்று பழைய அளவுக்குப் போகாதீர்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சமாக ஆரம்பியுங்கள், ஒரு வாரத்தில் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். அந்தக் கரண்டியைப் பரிமாறும் பொறுப்பை உங்கள் மாமியாரிடமே கொடுங்கள், அவர்தான் அதை ஒழுங்காகச் செய்வார்.

குழம்பில் போடும் மஞ்சள், பூண்டு, இஞ்சி பற்றிக் கவலை வேண்டாம். மாத்திரை வடிவில் விற்கும் மஞ்சள், பூண்டு சத்துகளும், அயாபானா போன்ற தீசான்களும் (மூலிகைத் தேநீர்), ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து தரும் நிலவேம்புக் கஷாயமும், பப்பாளி இலைச் சாறும் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

மருந்துகளில்தான் இன்னும் கவனம் வேண்டும். காய்ச்சலுக்கு, வலிக்கு பனடோல் (பாராசிட்டமால்) கொடுக்கலாம், எடைக்கு ஏற்ற அளவில், ஓரிரு நாள். அதற்கு மேல் நீண்டால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும். ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்து வேண்டாம். ஆஸ்பிரின், இதய டாக்டரே எழுதியிருந்தால் மட்டும். கிருமிக்கும் பூஞ்சைக்கும் தரும் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்ஸசோல், எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் எல்லாம் எண்ணை ஏற்றுபவை. வலிப்புக்கும் காசநோய்க்கும் தரும் சில மருந்துகள் இறக்குபவை. இந்தப் பட்டியலை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். புது மருந்து யார் எழுதினாலும், "வார்ஃபரின் சாப்பிடுகிறாள்" என்று முதலில் சொல்லுங்கள், மூன்று நான்கு நாளில் ஒரு பரிசோதனை கேளுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, சாப்பிட மறுக்கும் நாட்கள், எல்லாமே எண்ணை ஏற்றிவிடும்.

மெட்டல் வால்வு உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மீதி இருந்த ஆன்டிபயாட்டிக்கை வீட்டிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள். வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, மருந்துக்கு முன்னால் ரத்தம் எடுத்தாக வேண்டும். 2024-ல் இந்தத் தீவில் டெங்கு பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். டெங்குவில் தட்டணுக்கள் குறையும், இந்த மாத்திரையும் சேர்ந்தால் இரட்டை ஆபத்து. முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாத்தனாரின் மாத்திரை உங்கள் மகளுக்கு ஆகாது. அவருக்கு எதற்காகக் கொடுத்தார்களோ, அதற்கு அது நல்ல மருந்து. குழந்தைகளிலும் சிலருக்குக் கொடுக்கிறார்கள். இந்தப் புது வகையில் ஒன்றான ரிவரோக்ஸபானை 2 வயதும் அதற்கு மேலும் உள்ள, ஃபான்டன் என்ற இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளுக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் மெட்டல் வால்வு தனிக் கதை. மெட்டல் வால்வு உள்ள பெரியவர்களுக்கு, அதே புது வகையைச் சேர்ந்த டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2013-ல் வெளியான முடிவின்படி, வார்ஃபரினை விட ரத்தக்கட்டியும் கூட, ரத்தக் கசிவும் கூட. பின்னால் இதே வகையில் இன்னொன்றான அபிக்ஸபானை வைத்து நடந்த ஆய்வையும் 2022-ல் நிறுத்த வேண்டி வந்தது. விரலில் குத்தி வீட்டிலேயே ஐ.என்.ஆர். பார்க்கும் சிறிய கருவி இருக்கிறது; ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளுக்கு அது பெரிய ஆறுதல். அது கிடைக்குமா என்று கேளுங்கள், கேட்க வேண்டியது அதைத்தான்.

மாத்திரை கொடுக்கும் நேரத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்து, அன்றைய அளவை மாற்றச் சொன்னாலும் சமாளிக்கலாம். ஒரு நாள் மறந்துவிட்டால், அன்றைக்குள் நினைவு வந்தால் கொடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிட்டு அன்றைய அளவை மட்டும் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. ஒரு நோட்டு போட்டு, "செவ்வாய், 4 மி.கி., மாலை 6.30, மதியம் சாப்பிடவில்லை, இரண்டு முறை வயிற்றுப்போக்கு" என்று ஒரு வரி தினமும் எழுதுங்கள். கொடுத்தவுடன் எழுத வேண்டும். அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டியும் கொடுப்பது வீடுகளில் நடக்கிற விஷயம்.

அலகு வேண்டாம், சகோதரி. நாக்கிலும் கன்னத்திலும் துளை போட்டால் ரத்தம் நிற்காமல் போகலாம், கிருமி வால்வுக்குப் போகலாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவளுக்காக நீங்களோ அவள் அப்பாவோ காவடி எடுங்கள். அவள் சின்னப் பால்குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் கூட நடக்கட்டும், தார் ரோட்டில் வெறுங்காலோடு வேண்டாம். கொடியேற்றம் முதல் பத்து நாள் விரதத்தில் வீட்டுச் சமையலே மாறிவிடும். அவளுக்குச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், அந்த நாட்களின் நடுவில் ஒரு பரிசோதனை வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிக்கொண்டதை மாற்றுவது மனதை உறுத்தினால் கோயில் குருக்களிடம் பேசுங்கள். அந்தக் குழந்தையின் உயிருக்காக வேண்டியதுதானே அது.

பால் பல் தானாக விழுந்தால் பயமில்லை. சுத்தமான துணியை மடித்து இருபது நிமிடம் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நூல் கட்டி இழுக்க வேண்டாம். பல் டாக்டர் பிடுங்க வேண்டியிருந்தால், அதற்கு முன் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், கிருமி தடுப்பு மருந்து ஒரு வேளை கொடுக்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தால் உட்காரவைத்து, தலையை முன்பக்கம் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. தலையில் அடிபட்டால் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கறுத்த மலம், சிவந்த சிறுநீர், தாங்க முடியாத தலைவலி, வாந்தியோடு மயக்கம், வாய் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறல், திடீர் மூச்சிரைப்பு, எதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் உடனே கிளம்புங்கள். நிசப்தமான அறையில் அவள் வால்வின் டிக் டிக் சத்தம் கேட்குமே, அது மங்கினாலோ நின்றாலோ அதே அவசரம்தான்.

பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். நீந்தலாம், ஓடலாம், தலையில் ஹெல்மெட் போட்டு சைக்கிள் ஓட்டலாம். மோதி விளையாடும் கால்பந்தும் கராத்தேயும் வேண்டாம். கடற்கரையில் பவளமும் கடல் முள்ளெலியும் காலைக் கிழிக்கும், தண்ணீருக்குள்ளும் செருப்பு போடட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வயது பத்து என்கிறீர்கள். இன்னும் சில வருடத்தில் பெரியவளாவாள். இந்த மாத்திரையோடு மாதவிடாய் ரத்தம் அதிகமாகப் போகலாம், முதல் தடவையே பயந்துபோகாதபடி அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தால் ஆஸ்பத்திரி. இரத்தசோகை இருக்கிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வார்ஃபரின் வயிற்றில் வளரும் கருவைப் பாதிக்கும் மருந்து என்பதும், கல்யாணத்துக்கு முன்பே இதய டாக்டரிடம் பேச வேண்டும் என்பதும் அவளே தெரிந்துகொள்ள வேண்டியவை. இப்போது அந்த நோட்டில் தேதி எழுதும் வேலையை அவளிடம் கொடுத்து ஆரம்பியுங்கள். மாத்திரையை மட்டும் இன்னும் சில வருடம் உங்கள் கையாலேயே கொடுங்கள்.