பாடசாலைக் கட்டட நிதி: வாசகர் கேள்வி – பதில்

கரடியனாற்றிலிருந்து ஒரு தாய்: எங்கட பாடசாலையில் இரண்டு வகுப்பு ஒரே மண்டபத்தில், நடுவில் தட்டி வைத்து நடக்குது. டவுன் பாடசாலைக்கு மாடிக்கு மேல் மாடி எழும்புது. இது நியாயமா ஐயா?

அந்தப் பாடசாலை தேசியப் பாடசாலையா, மாகாணப் பாடசாலையா என்று முதலில் பாருங்கள். தேசியப் பாடசாலைக்குக் காசு கொழும்பில் கல்வி அமைச்சிலிருந்து வருகிறது. உங்களுடையதற்குப் பெரும்பாலும் மாகாணத்துக்கு ஒதுக்கப்படும் அபிவிருத்தி நிதியிலிருந்து வர வேண்டும். இரண்டும் மாகாணப் பாடசாலைகள் என்றால் உங்கள் வாதம் பலமானது.

"எங்களுக்கு ஏன் தரவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள், "நிதி போதாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வலயக் கல்வி அலுவலகம் மாகாணத்துக்கு அனுப்பிய முன்னுரிமைப் பட்டியல், கடைசியில் அனுமதியான பட்டியல், இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதற்கான காரணம் மூன்றையும் கேளுங்கள். உங்கள் பாடசாலையைத் தாண்டி எது மேலே போனது என்பது அப்போது வெளிச்சத்துக்கு வரும். எந்த அளவுகோலில் வரிசைப்படுத்தினார்கள் என்பதும் முக்கியம். மாணவர் தொகையை மட்டும் பார்த்தால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் சின்னப் பாடசாலைகள் எந்தக் காலத்திலும் முன்னுக்கு வராது. சுவரில்லாத வகுப்பு எத்தனை, பிள்ளைக்கு எவ்வளவு இடம் என்றும் கணக்கெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

திருக்கோவில் வாசகர்: தகவல் கேட்டு எழுதினால் பிள்ளைக்குப் பிரச்சினை வராதா?

பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பெற்றோர்தான் எழுத வேண்டும் என்றில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் கேட்கலாம். வெளியூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் எழுதட்டுமே! தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள், மேன்முறையீட்டை விசாரிக்க அங்கேயே நியமிக்கப்பட்டிருக்கும் 'குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு' மேன்முறையீடு, அதற்கு மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. 2017 செப்டம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு சபையில் எழுந்து கேட்க உறுப்பினர்களும் இல்லை. அதனால் இந்த வழியை விட்டுவிடாதீர்கள்.

சம்மாந்துறை வாசகர்: "கட்டடம் பெற்றுத் தந்தவர்" என்று அரசியல்வாதிக்குப் பதாகை கட்டியிருக்கிறார்களே?

அரசியல்வாதிகள் பரிந்துரைக்கும் வேலைகளுக்கு அரசு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் பொதுப் பணம்தான். நன்றி சொல்லுங்கள், கணக்கையும் கேளுங்கள்.

வாழைச்சேனை வாசகர்: கட்டட வேலை பாதியில் நிற்கிறது. யாரைப் பிடிப்பது?

உள்ளூர் நிதியில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமென்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பொறுப்பான அமைச்சர் அதன் விபரத்தை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத் தொகை, முடிக்க வேண்டிய திகதி, இதுவரை கொடுபட்ட பணம், காலநீடிப்புக் கடிதங்கள் எல்லாவற்றின் பிரதியையும் கேளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கமே வேலையை எடுத்திருந்தால் இன்னும் சுகம்: பெற்றோரும் அங்கத்தவர்கள்தானே, பொதுக்கூட்டத்தில் கணக்கைக் கேட்டுக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரரின் பணத்தில் ஒரு பகுதியை வழக்கமாக நிறுத்தி வைப்பார்கள். வேலை முடிந்து அது விடுபட முன்பு, வெடிப்பு, ஒழுக்கு எல்லாவற்றையும் படத்தோடு எழுத்தில் வலயத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.