சேணமும் குதிரையின் முதுகும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் குதிரையின் தோளுக்குச் சற்றுப் பின்னால், இருபுறமும் உள்ளங்கை அகலத்துக்கு முடி வெளுத்து வருகிறது. இது தோல் நோயா? (வில்லியனூர்)

பதில்: இருபுறமும் ஒரே இடத்தில், அதுவும் சேணம் உட்காரும் தடத்துக்குள்ளேயே வெளுக்கிறது என்றால், முதலில் சேணத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். தொடர்ந்து அழுத்தம் விழும் இடத்தில் முடிக்கு நிறம் தரும் அணுக்கள் சேதமடைவதால், அடுத்து முளைக்கும் முடி வெள்ளையாக வருகிறது; பழைய நிறம் பெரும்பாலும் திரும்புவதில்லை. அந்த நிலை வருவதற்கு முன்பே வியர்வை நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும். நன்றாக வியர்க்கும்படி சவாரி செய்துவிட்டு, சேணத்தை இறக்கியவுடன் பாருங்கள். முதுகெலும்பின் மேல் நீளவாக்கில் ஈரமில்லாமல் இருப்பது நல்லது, ஏனெனில் அங்கே சேணம் படவே கூடாது. நனைந்த பகுதிக்கு நடுவே ஒரு திட்டு மட்டும் உலர்ந்திருந்தால், அங்கே அழுத்தம் மிகுந்திருக்கிறது, அல்லது சேணம் முன்னும் பின்னும் மட்டும் ஊன்றி நடுவில் தொடாமல் நிற்கிறது. எது என்பதைக் கைதான் சொல்லும். பாகூர்ப் பக்கம் ஒரு பெண் குதிரையின் முதுகில் அப்படிப்பட்ட உலர்ந்த திட்டின் மேல் இரண்டு விரல்களை வைத்து மெல்ல அழுத்தினேன். அது முதுகைச் சட்டென்று தாழ்த்திக் காதுகளைப் பின்னுக்கு மடக்கியது. சேணம் கட்டும்போது கடிக்க வருகிறது என்று அதற்கு அதுவரை அடிதான் விழுந்திருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

கேள்வி: சேணம் பொருந்துகிறதா என்று நாமே பார்க்க முடியுமா? (தேவனாம்பட்டினம், கடலூர்)

பதில்: முடியும். குதிரையைச் சமதரையில் நிறுத்தி, துணி எதுவும் விரிக்காமல் சேணத்தைச் சற்று முன்னால் வைத்து, அது தானாக நிற்கும் இடம் வரை பின்னுக்கு நகர்த்துங்கள். தோள்பட்டை எலும்பின் பின் விளிம்புக்கு இரண்டு விரல் பின்னால்தான் சேணத்துக்குள் இருக்கும் கெட்டியான சட்டத்தின் முன்முனை இருக்க வேண்டும். முன்காலை ஒருவர் முன்னோக்கி நீட்டிப் பிடித்தால், அந்த எலும்பின் மேல்முனை எவ்வளவு தூரம் பின்னுக்கு வருகிறது என்பதைக் கையாலேயே உணரலாம். பிடரி முடியும் இடத்திலுள்ள மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே, ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும், இரண்டு அல்லது மூன்று விரல் இடைவெளி வேண்டும். ஆள் ஏறாமல் அளந்துவிட்டுத் திருப்தி அடைபவர்களே அதிகம். குதிரைக்கு விலா எலும்புகள் 18 ஜோடி. கடைசி விலாவைத் தாண்டிப் பின்னால் சேணம் நீளக் கூடாது, அதற்கப்பால் முதுகைத் தாங்க விலா எலும்புகள் இல்லை.

கேள்வி: சேணம் கொஞ்சம் இறுக்கம். தடிமனான துணி விரித்தால் போதாதா? (அரியாங்குப்பம்)

பதில்: போதாது. கைக்கு இறுகும் வளையலுக்குள் துணியைச் சுற்றினால் இறுக்கம் கூடுமே தவிரக் குறையாது. சேணம் சற்றே அகலமாக இருந்தால் துணியால் ஓரளவு சரிக்கட்டலாம். குறுகலாக இருந்தால் மாற்றுவது ஒன்றே வழி.

கேள்வி: கான்பூரிலிருந்து சேணம் வரவழைக்க நினைக்கிறேன். அளவை எப்படி அனுப்புவது? (லாஸ்பேட்டை)

பதில்: உட்காரும் இருக்கையின் அளவை மட்டும் சொல்லி வாங்குவதால்தான் இத்தனை குதிரைகள் அவதிப்படுகின்றன, அது சவாரி செய்பவரின் அளவு, குதிரையின் அளவு அல்ல. வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் கனமான மின்கம்பி ஒன்றை எடுத்து, தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் குறுக்காக அழுத்தி வளைத்து, அந்த வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கடைசி விலாவின் நேரே ஒன்று, முதுகின் நீளவாக்கில் ஒன்று என இன்னும் இரண்டு அட்டைகள் வேண்டும். மூன்றிலும் தேதியை எழுதி வையுங்கள், ஏனெனில் முதுகு மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குதிரை வாரக்கணக்கில் லாயத்திலேயே நின்றுவிட்டால் முதுகுத் தசை வற்றிவிடுகிறது. மார்கழியில் மறுபடி சவாரி தொடங்கும் முன் அதே அட்டையை முதுகின் மேல் வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால், சேணத்தின் மெத்தையில் கம்பளி நிரப்பத் தெரிந்தவரிடம் அப்போதே கொண்டுபோங்கள்.