மெர்ஜ் கியூ வருவதற்குள் என்ன செய்து வைக்கலாம்?

கேள்வி: எங்கள் குழுவில் 14 பேர். இருவர் அனுப்பும் இரண்டு புல் ரிக்வெஸ்ட்டும் (கோடில் செய்த மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) தனித்தனியாக டெஸ்டில் பாஸ் ஆகின்றன. இரண்டையும் மெர்ஜ் செய்ததும், அதாவது சேர்த்ததும், எல்லோருக்கும் பொதுவான கோடு இருக்கும் மெயின் பிராஞ்ச் உடைகிறது. அடுத்த மாதம் கிட்ஹப் எண்டர்பிரைஸ் கிளவுடுக்கு மாறுகிறோம், மெர்ஜ் கியூ கிடைக்கும் என்கிறார்கள். இப்போதே என்ன செய்யலாம்?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றியிருப்பார், இன்னொருவர் வேறொரு ஃபைலில் பழைய பெயரிலேயே அதை அழைத்திருப்பார். வரிகள் மோதாததால் கிட் கான்ஃப்ளிக்ட் காட்டாது. மெர்ஜ் கியூ என்பது மாற்றங்களை வரிசையில் நிறுத்திச் சேர்க்கும் வசதி. அது மெயினையும் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் மாற்றங்களையும் உங்களுடையதையும் ஒரு தற்காலிக பிராஞ்சில் சேர்த்து டெஸ்ட் ஓட்டும். பாஸ் ஆனால்தான் மெயினுக்குப் போகும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கி வசதியில் டெஸ்ட் ஓட்டுகிறீர்கள் என்றால், ஒர்க்ஃப்ளோ ஃபைலில் (எது எப்போது ஓட வேண்டும் என்று எழுதி வைக்கும் ஃபைல்) 'ஆன்' பகுதியில் 'புல்_ரிக்வெஸ்ட்' (pull_request) உடன் 'மெர்ஜ்_குரூப்' (merge_group) என்பதையும் இன்றே சேர்த்துவிடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கியூவுக்குள் டெஸ்ட் தொடங்கவே தொடங்காது. கட்டாய செக் பதிலுக்காகக் காத்துக் கிடந்து, கெடு முடிந்ததும் புல் ரிக்வெஸ்ட் வெளியே தள்ளப்படும். டெஸ்டே ஓடாததால் பார்க்க லாகும் இருக்காது.

அடுத்து, ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில் என்று ஆட்டம் காட்டும் டெஸ்டுகள். இவற்றைச் சரிசெய்யாமல் கியூவை ஆன் செய்யாதீர்கள். ஒன்று ஃபெயிலானால் அந்த மாற்றம் வெளியேறும். பின்னால் நிற்பவற்றுக்கும் டெஸ்ட் மறுபடி ஓடும்.

பில்டுக்கு (கோடைத் தொகுத்து டெஸ்ட் ஓட்டி முடிக்க) 40 நிமிடம் ஆகிறதா? ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் 6 மாற்றங்களுக்கு 4 மணி நேரம். ஒரே நேரத்தில் எத்தனை பில்ட் ஓடலாம் என்பதைச் சொல்லும் பில்ட் கன்கரன்சியை 1 முதல் 100 வரை வைக்கலாம்; பில்டை ஓட்டும் கணினிகளான உங்கள் ரன்னர்கள் தாங்கும் அளவுக்கு வையுங்கள். பிராஞ்ச் புரொடக்‌ஷன் விதியின் (ஒரு பிராஞ்சில் மெர்ஜ் செய்வதற்கான கட்டுப்பாடு) பெயரில் நட்சத்திரக் குறி (*) இருந்தால் கியூவை இயக்க முடியாது. மெயினுக்குத் தனி விதி எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் கிட்லேபில் இருக்கிறோம். இதே வசதி உண்டா?
– வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு

பதில்: உண்டு, பெயர் மெர்ஜ் டிரெயின். பிரீமியம், அல்டிமேட் திட்டங்களில் மட்டும். ஒரு டிரெயினில் 20 பைப்லைன் (பில்ட், டெஸ்ட் வேலைகளின் தொடர்) வரை ஒரே நேரத்தில் ஓடும். முதலில் டெஸ்ட் எப்படி ஓட வேண்டும் என்று எழுதும் சிஐ ஃபைலில் மெர்ஜ் ரிக்வெஸ்ட் (கிட்லேபில் புல் ரிக்வெஸ்ட்டின் பெயர்) பைப்லைனை அமையுங்கள், பிறகு செட்டிங்கில் டிக் செய்யுங்கள். வரிசை மாறினால் மெர்ஜ் ரிக்வெஸ்டுகள் நடுவழியில் சிக்கி நின்றுவிடலாம்.