வெள்ளைத் தாளில் ஏன் முகம் தெரிவதில்லை?

கேள்வி: வெள்ளைத் தாளும் கண்ணாடியைப் போலவே தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பிறகு ஏன் அதில் முகம் தெரிவதில்லை?

ஒளி எவ்வளவு திரும்புகிறது என்பதைவிட, எந்த ஒழுங்கில் திரும்புகிறது என்பதே முக்கியம்.

ஒளி ஒரு மின்காந்த அலை. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). இந்த எண்ணில்தான் விடை இருக்கிறது.

ஒளி படும் புள்ளியில் பரப்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரையுங்கள். படுகதிர் அக்கோட்டுடன் உண்டாக்கும் கோணமும் எதிரொளித்த கதிர் உண்டாக்கும் கோணமும் சமம். கண்ணாடியின் பின்புறம் பூசிய வெள்ளி அல்லது அலுமினியப் படலத்தின் மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. எனவே முகத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் கதிர்கள் ஒழுங்கு குலையாமல் திரும்புகின்றன. அவை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து புறப்பட்டவை போலக் கண்ணை அடைவதால் அங்கே பிம்பம் தெரிகிறது.

தாளோ இழைகளின் பின்னல். ஒவ்வோர் இழையும் அலைநீளத்தைப்போல் பல மடங்கு தடிமனானது. ஒளி உள்ளே புகுந்து, இழைக்கு இழை முட்டி, எல்லாத் திசைகளிலும் சிதறி வெளியேறுகிறது. மூக்கிலிருந்து வந்ததும் நெற்றியிலிருந்து வந்ததும் ஒன்றாகக் கலந்து வெறும் வெண்மையே எஞ்சுகிறது. இதைக் குறை என்று சொல்லமாட்டேன். இந்தச் சிதறலால்தான் எந்தப் பக்கமிருந்தும் தாளைப் படிக்க முடிகிறது.

வழவழப்பு என்பதும் அலைநீளத்தைப் பொறுத்ததே. மீட்டர் கணக்கில் நீண்ட ரேடியோ அலைகளுக்கு, ஓட்டைகள் நிறைந்த கம்பிவலையே நல்ல கண்ணாடி; அந்த ஓட்டைகள் அவற்றின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை.