கப்பல் சுற்றுலா கெட்டுப்போனால் யாரிடம் கேட்பது?

கேள்வி: பள்ளி விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நான், போர்ட் கிள்ளானிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம் போனோம். இரண்டு கேபினுக்கும் சேர்த்து 9,600 ரிங்கிட். பினாங்கில் உள்ள ஒரு சுற்றுலா ஏஜெண்டிடம்தான் பணம் கட்டினோம். மதியம் ஏற வேண்டிய கப்பலில் நள்ளிரவுக்குத்தான் ஏற்றினார்கள். ஏதோ தொழில்நுட்பக் கோளாறாம். முழங்கால் வலியோடு மாமியார் அத்தனை நேரமும் முனையத்திலேயே உட்கார்ந்திருந்தார். புக்கெட் நிறுத்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஏஜெண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தில் ‘புக்கெட்டில் முழு நாள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு கேபினில் ஏர்கோன் ஒழுகி மெத்தை இரண்டு இரவும் ஈரம். மாற்று அறை கேட்டால் காலி இல்லை என்றார்கள். சைவ உணவு வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி உறுதியும் வாங்கியிருந்தோம், ஆனால் மாமியார் ரொட்டியும் பழமும்தான் சாப்பிட்டார். திரும்பி வந்து கேட்டால் ஏஜெண்டு ‘அது கப்பல்காரன் விஷயம்’ என்கிறார். கப்பல் நிறுவனமோ ‘பதிவு செய்த ஏஜெண்டையே கேளுங்கள்’ என்று பதில் போடுகிறது. அடுத்த பயணத்துக்கு 10 விழுக்காடு கழிவு தருகிறார்களாம். முழுப் பணத்தையும் திரும்ப வாங்க முடியுமா?
— பட்டர்வொர்த் வாசகி

பதில்: முழுப் பணமும் கிடைக்கும் என்று நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். மூன்று இரவும் கப்பலில் தங்கியிருக்கிறீர்கள், லங்காவியோ வேறெதுவோ பார்த்திருப்பீர்கள். எந்தத் தீர்ப்பாயமும் அதைக் கணக்கில் எடுக்கும். ஆனால் உங்களுக்கு ஒன்றுமே வராது என்பதும் பொய். நீங்கள் பட்டது ஒரே நஷ்டம் அல்ல. நான்கைந்து நஷ்டங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்து வைத்துக் கேட்டால்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்க முடியும்.

முதலில், யாரைக் கேட்பது? பணத்தை வாங்கி ரசீது கொடுத்தவர் ஏஜெண்டு. உங்களுக்கு இந்தச் சேவையை விற்றவர் அவர்தான். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. கப்பல் நிறுவனத்தையும் விடாதீர்கள். இருவர் பெயரையும் ஒரே கடிதத்தில் போட்டு இருவருக்கும் அனுப்புங்கள். அப்போதுதான் ஒருவர் மற்றவரைக் கை காட்டி நழுவ முடியாது. வயதானவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போன குடும்பத்தை இப்படிப் பந்தாடுவது எனக்குச் சற்றும் பொறுக்கவில்லை. ஏஜெண்டின் ரசீதில் ‘கேபிகே/எல்என்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்த வியாபாரம் நடத்துவது குற்றம். உரிமம் இருந்தால் சுற்றுலா அமைச்சிடமும் புகார் செய்யலாம்.

இனி நஷ்டங்கள். கேபின்தான் உங்கள் வலுவான புகார். 9,600 என்றால் ஒரு கேபினுக்கு 4,800, ஓர் இரவுக்கு 1,600. இரண்டு இரவு ஈர மெத்தை என்றால் 3,200 ரிங்கிட் மதிப்புள்ள சேவையில் ஒரு பங்கு உங்களுக்குக் கிடைக்கவில்லை. பாதியைக் கேட்டால் 1,600. இது நியாயமான கணக்கு, யாரும் பேராசை என்று சொல்ல முடியாது. சேவையை நியாயமான அக்கறையோடும் திறமையோடும் தர வேண்டும் என்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு.

சாப்பாட்டு விஷயம் சின்னதாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு சைவக்காரரைக் கடலுக்கு நடுவே வைத்துக்கொண்டு ரொட்டியை நீட்டுவது சரியே இல்லை, வெளியே போய் வேறு கடை தேடவும் வழியில்லை. சைவம் வேண்டுமென்று சொல்லி, அவர்களும் சரி என்று எழுதியிருந்தால், உங்கள் தேவையை அறிந்தே விற்றார்கள் என்று அர்த்தம். சொன்ன தேவைக்குச் சேவை பொருந்த வேண்டும் என்பது 54ஆவது பிரிவு. அந்த உறுதிச் செய்தியைத் தேடி எடுத்து வையுங்கள்.

புக்கெட் கொஞ்சம் சிக்கல். அநேகமாக எல்லாக் கப்பல் ஒப்பந்தத்திலும், கேப்டன் பாதையை மாற்றலாம், துறைமுகத்தைத் தவிர்க்கலாம், அதற்கு இழப்பீடு இல்லை என்று ஒரு விதி இருக்கும். புயல், கடல் கொந்தளிப்பு, நோயாளி என்று பாதுகாப்புக்காகச் செய்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன். இயந்திரக் கோளாறு வேறு. அதைப் பராமரிப்பது அவர்கள் கையில் இருக்கிறது. ஆகவே காரணத்தை எழுத்தில் கேளுங்கள், ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற இரண்டு சொல்லோடு விட்டுவிடாதீர்கள். ‘எதற்கும் பொறுப்பில்லை’ என்று அச்சடித்துவிட்டால் கதை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2010இல் திருத்தப்பட்ட சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. அப்புறம் அந்த வாட்ஸ்அப் விளம்பரம். தவறான எண்ணத்தைத் தரும்படி விளம்பரம் செய்வதும் சட்டத்துக்கு உட்பட்ட விஷயம்தான், அதை அழித்துவிடாதீர்கள். புக்கெட்டில் இறங்கவில்லை என்பதால் அந்தத் துறைமுகக் கட்டணத்தையும், அங்கு ஏதாவது சுற்றுப்பயணம் முன்பதிவு செய்திருந்தால் அந்தப் பணத்தையும் கேட்கத் தயங்காதீர்கள். இதைப் பல நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன, கேட்காவிட்டால் பேசாமல் இருந்துவிடுகின்றன.

கழிவுக் கூப்பனை இப்போது தொட வேண்டாம். அதைப் பயன்படுத்த நீங்கள் மறுபடியும் பணம் கட்ட வேண்டும். அதோடு ‘இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தன’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து கேட்பார்கள். போட்டுவிட்டால் மற்றதெல்லாம் போச்சு.

கடிதத்தில் தொகையைப் பிரித்து எழுதி 14 நாள் அவகாசம் கொடுங்கள். படங்கள், கப்பலில் தினமும் அறைக்குத் தரும் நிகழ்ச்சி அட்டவணை, கடைசி நாள் பில் எல்லாவற்றையும் இணைத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கிறார்கள், சம்பவம் நடந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். இணையத்திலும் பதியலாம். இங்கே இரு தரப்பும் பொதுவாக வழக்கறிஞர் வைக்க முடியாது என்பதால் பெரிய நிறுவனமும் ஆள் அனுப்பிப் பேசித்தான் ஆக வேண்டும். தலைவர் முதலில் சமரசத்துக்கு முயல்வார், அங்கே உங்கள் கணக்குத்தாள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தீர்ப்பு வந்த பிறகு 14 நாளுக்குள் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றமாகிவிடும். படிவம் எழுதத் தடுமாற்றமாக இருந்தால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள். தமிழிலேயே பேசலாம்.

‘விட்டுத் தொலை’ என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லியிருக்கவும் கூடும், அலைச்சலுக்குப் பயந்து பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். 5 ரிங்கிட்டும் ஒரு காலைப் பொழுதும் செலவழிக்கத் தகுந்த விஷயம் இது என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் மாலை கப்பல். அன்று காலை பினாங்கிலிருந்து விமானம், டிக்கெட்டை நானே இணையத்தில் எடுத்தேன். விமானம் ஆறு மணி நேரம் தாமதம். போய்ச் சேர்வதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. கப்பல் கட்டணம் முழுவதும் போனதா?
— ஜெலுத்தோங் வாசகர்

பதில்: கப்பல் நிறுவனத்தின் மேல் பழி போட முடியாது. குறித்த நேரத்துக்கு அது கிளம்பியது. ஆனாலும் நீங்கள் ஏறாததால் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் திரும்பக் கேளுங்கள்.

விமானத்தைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டு விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி இரண்டு மணி நேரத் தாமதத்துக்கே உணவு தர வேண்டும். 2024 செப்டம்பர் முதல், தாமதம் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ போனால் பயணத்தை விட்டுவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் பறந்துவிட்டதால் இந்த இரண்டாவது உரிமை இப்போது உதவாது. ஆனால் பலருக்கும் தெரியாத இன்னொரு வழி இருக்கிறது. பினாங்கு–சிங்கப்பூர் அனைத்துலகப் பயணம். இரு நாடுகளும் 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இருக்கின்றன. தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்கிறது அதன் 19ஆவது விதி. தவிர்க்க நியாயமான எல்லா முயற்சியும் செய்தோம் என்று நிரூபித்தால் அவர்கள் தப்பலாம், மழையும் இடியும் காரணம் என்றால் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். விமானக் கோளாறு என்றால் அவ்வளவு எளிதல்ல. தாமதச் சான்றுக் கடிதம் வாங்கி, கப்பல் ரசீதை இணைத்து முதலில் நிறுவனத்திடம் எழுதுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் விமானப் பயணிகள் புகாரைக் கவனிக்கும் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மிடம் போங்கள், முன்பு இந்தப் புகார்களைக் கவனித்த மாவ்காம் ஆணையத்தின் வேலை 2025 ஆகஸ்டு முதல் அங்கே போய்விட்டது. நீதிமன்றம் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள்.

பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் அதை இன்றே பிரித்துப் படியுங்கள். தாமதத்துக்கு ஒரு தொகையும், பயணம் தவறிப்போனதற்கு வேறொரு தொகையும் இருக்கலாம். அதைக் கேட்க நாள் வரம்பு உண்டு.

கேள்வி: அடுத்த விடுமுறைக்குக் கப்பலில் போகலாம் என்று இருக்கிறோம். பணம் கட்டுமுன் எதைக் கேட்க வேண்டும்?
— பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி

பதில்: ஒப்பந்த விதிகளின் முழுப் பிரதியை, பணம் கட்டுமுன். அதில் ரத்து, பாதை மாற்றம் பற்றிய பகுதியை மட்டுமாவது படியுங்கள். கடனட்டையில் கட்டுங்கள், சேவை வராவிட்டால் வங்கி வழியாகத் தகராறு எழுப்ப முடியும். ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கப்பலில் வாங்கும் சேவைக் கட்டணம் ஒரு தலைக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு என்று கேட்டு மொத்தத்தில் சேருங்கள், ஐந்து பேர் குடும்பத்துக்கு அது லேசான தொகையாக இருக்காது. சிங்கப்பூரில் ஏறுவதாக இருந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள்.